தீவுக்கு வர்றவங்க காத்தைக் கேட்டுட்டு வாங்க

இந்த தடவ வந்த கேள்வில பாதி ராமேஸ்வரம் பத்தித்தான். நான் பாம்பன்ல பொறந்தவன்ங்கறதால ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் தலைல வச்சுட்டார். எல்லாத்துக்கும் பதில் போட பக்கம் பத்தாது, நாலு மட்டும் எடுத்திருக்கேன், ஒரே மாதிரி கேட்ட மத்தவங்க இதுலயே பாத்துக்கங்க.

கேள்வி: அரையாண்டு லீவுல ராமேஸ்வரம் போலாம்னு இருக்கோம் சார். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர் (ஒருத்தனுக்கு 12, சின்னவளுக்கு 7), கூட மாமியார், அவங்களுக்கு 68 வயசு, முட்டி வலி. அத்தைக்கு 22 தீர்த்தமும் ஆடணும், பசங்களுக்கு கடல்ல குளிக்கணும், இவரு என்னடான்னா ஒரு நாள் போதும், காலைல எறங்கி கோயில், மத்தியானம் தனுஷ்கோடி, நைட்டு ட்ரெயின்னு கணக்கு போடறாரு. ஒரு நாள் பத்துமா?
வாசகி, திருப்பூர்

பதில்: பத்தாது தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் போட்ட கணக்கு மாதிரிதான் முக்காவாசிப் பேரு வர்றாங்க, வந்துட்டு ஊருக்குப் போயி ஒரே கூட்டம் ஒரே வெயில் ஒரே உப்புத் தண்ணின்னு சொல்றாங்க. ரெண்டு ராத்திரி தங்குங்க. மூணு நாள் கையில இருந்தா அத்தை முட்டியும் தப்பிக்கும், உங்க வீட்டு சமாதானமும் தப்பிக்கும்.

பிளான் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எங்க ஊர்ல கடலுக்கு ஆம்பள பொம்பள உண்டு. தீவுக்கு வடக்கால பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், ஆழம் கம்மி, கொளம் மாதிரி கெடக்கும். தெக்கால மன்னார் வளைகுடா ஆண் கடல், அலை உண்டு, இழுப்பு உண்டு. ஆனா இது வருசம் பூரா இப்படியே இருக்காது, ஐப்பசி தாண்டி வாடைக் காத்து கெளம்பிருச்சுன்னா அந்த சாதுவான பெண் கடல் கலங்கி அடிக்க ஆரம்பிச்சுரும், ஆண் கடல் அடங்கிரும், அப்பறம் வைகாசி ஆனில கச்சானும் சோழகமும் (மேக்குக் காத்தும் தெக்குக் காத்தும்) வீசறப்ப அப்படியே தலைகீழ். அதனால எந்தக் கரைக்குப் போறதுன்னு போன்ல போட்டோ பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த மாசம் என்ன காத்துன்னு கேட்டு முடிவு பண்ணுங்க. நீங்க வர்றது மார்கழி, வாடை. மழையும் இருக்கலாம், ஒரு நாளைக்கு மொத்தமா மாட்டிக்கிட்டா போச்சு, அதுக்கும்தான் ரெண்டு ராத்திரி சொல்றேன்.

முதல் நாள், மதுரை வரைக்கும் எப்படியாவது வந்துருங்க, அங்கேருந்து பகல்ல பாம்பன் பாலம் தாண்டற ட்ரெயினா பாத்து ஏறுங்க, டைம் அப்பப்ப மாத்தறாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க. நைட் ட்ரெயின்ல தூங்கிக்கிட்டே பாலத்தை தாண்டறது, கல்யாண வீட்டுக்குப் போயி சாப்பிடாம வர்ற மாதிரி. பழைய பாலம் 1914 பிப்ரவரில தொறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, நடுவுல கப்பலுக்கு வழி விடறதுக்கு ரெண்டு கையும் மேல தூக்கற மாதிரி தொறக்கும், அதை ஆளுங்க நின்னு கையால சுத்தித்தான் தூக்குவாங்க, சின்ன வயசுல அதைப் பாக்கறதுக்காக ஸ்கூலுக்கு லேட்டாப் போயி அடி வாங்கியிருக்கேன். 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னு போச்சு. இப்ப பக்கத்துலயே புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6 தொறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும், 17 மீட்டர். பெரியவனுக்கு இதை ஜன்னல்ல காட்டுங்க, போனை அவனே கீழ வச்சுருவான்.

ரூம் விசயத்துல ஒரு வார்த்தை. டிசம்பர்ல ஐயப்ப சாமிங்க கூட்டம் ஊரையே நிரப்பிரும், முன்னாடியே புக் பண்ணிருங்க, கோயிலுக்கு நடந்து போற தூரத்துல எடுங்க, லிஃப்ட் இருக்கா இல்ல கீழ்த்தளமான்னு கேளுங்க. கடல் தெரியற ரூம்னு சொன்னா கூடக் காசு குடுக்காதீங்க. என் மச்சான் குடும்பத்துக்கு ஒரு லாட்ஜ்ல நான்தான் போன்ல பேசி அப்படி ஒரு ரூம் போட்டேன், போயி ஜன்னலத் தொறந்தா பக்கத்து லாட்ஜோட பாத்ரூம், அதுல ஒருத்தர் பல்லு வெளக்கிட்டு இருந்தாராம். மச்சான் இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல.

சாயங்காலம் அத்தைய படுக்க வச்சுட்டு நீங்க மட்டும் பசங்களோட மூணாம் பிரகாரம் போயிட்டு வாங்க, செல்போன் உள்ள விட மாட்டாங்க, ரூம்லயே வச்சுருங்க. 1212 தூண். சேதுபதி ராஜாக்கள் கட்டுனது, முத்துராமலிங்க சேதுபதி காலத்துல முடிஞ்சுது. எல்லாரும் நீளத்தைப் பாத்துட்டு வாயப் பொளக்கறாங்க, நான் சொல்றது வேற: இந்தத் தீவுல கருங்கல்லே கெடையாது. தோண்டுனா மணல், இல்லன்னா பவளப்பாறை. மலைன்னு சொல்லிக்கற கந்தமாதன பர்வதமே ஒரு மணல் மேடுதான். அப்ப இவ்வளவு கல்லும் பாலமே இல்லாத காலத்துல கடல் தாண்டி வந்திருக்கு. அந்தத் தூண்ல கை வச்சுப் பாக்கறப்ப இதை பசங்ககிட்ட சொல்லுங்க.

ரெண்டாம் நாள் விடியக்காலைல அத்தைக்கு. ஸ்படிக லிங்க தரிசனம் வழக்கமா 5 மணியிலேருந்து 6 வரைக்கும், மார்கழில நடை இன்னும் சீக்கிரம் தொறப்பாங்க, முந்தின நாளே கோயில்ல கேட்டு வச்சுக்கங்க. முதல்ல காஞ்ச துணியோட அதை முடிச்சுட்டு, வெளில வந்து அக்னி தீர்த்தத்துல கடல்ல ஒரு முழுக்கு, அப்பறம் உள்ள 22 கெணறு, அப்பறம் துணி மாத்திட்டு மூலவர். ஈரத்துணியோட சன்னதிக்கு விட மாட்டாங்க, மாத்துத் துணியை யாராவது ஒருத்தர் வெளில வச்சுக்கிட்டு நிக்கணும், உங்க வீட்டுக்காரருக்கு அந்த டூட்டிய குடுங்க. தீர்த்தத்துக்கு டிக்கெட் கவுன்ட்டர்லயே வாங்குங்க, ரோட்ல நிக்கிற ஆளு மொத்தமாப் பேசற ரேட்டுக்கு தலையாட்டாதீங்க. கல்லு பூரா தண்ணி நின்னு வழுக்கும், வாளிக்காரரு பின்னாடி எல்லாரும் ஓடுவாங்க, அத்தைய ஓட விட்டுறாதீங்க. நடுவுல முடியலன்னா விட்டுட்டு கடைசிக் கெணறு கோடி தீர்த்தத்துல மட்டும் ஊத்திக்கிட்டா ஒண்ணும் கொறஞ்சு போகாது, எங்க அப்பத்தா கடைசி காலத்துல அப்படித்தான் பண்ணுச்சு.

அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் தூங்குங்க. சாயங்காலம் ஒரு ஆட்டோவோ காரோ புடிச்சு பேக்கரும்புல கலாம் நினைவிடம், அங்கேருந்து பாம்பன் குந்துகால். கலாம் ஐயா வீடு பள்ளிவாசல் தெருவுல, அதையும் பாத்துருங்க, அவுங்க அப்பா படகு வச்சு ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரை வர்ற ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனவரு. குந்துகால்தான் விவேகானந்தர் வெளிநாட்டுலேருந்து திரும்பி வந்து 1897 ஜனவரி 26 கால் வச்ச எடம், பாஸ்கர சேதுபதி போயி வரவேத்தாரு, நினைவு மண்டபம் இருக்கு. எனக்கு அதுக்கு மேல அங்க புடிச்சது பொழுது சாயற நேரம் அந்த தெக்குக் கரை, மார்கழில அது அடங்கிக் கெடக்கும், பசங்க முட்டி அளவுக்கு எறங்கி ஆடலாம், நீங்க பக்கத்துலயே நில்லுங்க. குருசடைத் தீவுக்கு வனத்துறை படகும் அந்தப் பக்கத்துலேருந்துதான், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல இருக்கற 21 தீவுல ஒண்ணு, காத்து இருந்தா விட மாட்டாங்க, விட்டா போயிருங்க.

மூணாம் நாள் தனுஷ்கோடி, காலைலயே. மத்தியானத்துக்கு மேல போனா வண்டி வரிசைல பாதி நேரம் போயிரும், சாயங்காலம் ஆளுங்கள வெளியேத்திருவாங்க, நெழல்னு ஒண்ணு கெடையாது, குடிதண்ணி கையோட. 2017க்கு முன்னாடி ரோடே கெடையாது, மீன் வண்டில தொங்கிக்கிட்டு மணல்ல போவோம், இடுப்பு கழண்டுரும். இப்ப தீவு முடியற அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. போற வழில கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டிய மெதுவா விடச் சொல்லுங்க, அங்க தண்ணி நிக்கற எடத்துல பனி மாசத்துல பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டமா நிக்கும், 2025ல அதை சரணாலயமாவே அறிவிச்சுட்டாங்க. சின்னவ இதுக்காகவே உங்களுக்கு முத்தம் குடுப்பா.

நீங்க வர்ற வாரம் என்ன வாரம்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல, பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் ட்ரெயின் தனுஷ்கோடிக்குப் போயிச் சேரவே இல்ல, உள்ள இருந்த நூறு பேருக்கு மேல அப்படியே போயிட்டாங்க, விடிஞ்சு பாத்தா ஊரும் இல்ல. மாதா கோயில், ஸ்டேஷன் செவரு இதெல்லாம்தான் மிச்சம், செவத்தைக் கிட்டப் போயிப் பாருங்க, பவளக்கல்லு. எங்க வீட்ல டிசம்பர்ல காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே அப்பத்தா விளக்க அணைக்க விடாது, விடியற வரைக்கும் கதவுப் பக்கத்துலயே உக்காந்திருக்கும். அதனால அந்த செவத்து மேல ஏறி நின்னு செல்பி எடுக்கறவங்களப் பாத்தா எனக்கு சுர்ருனு வரும். அரிச்சல்முனைல குளிக்காதீங்க, ரெண்டு கடலும் முட்டற எடம், அடில இழுக்கும், கால் நனைக்கறதோட சரி.

அத்தைக்கு ஒரு எக்ஸ்ட்ரா. உங்க தேதி திருவாதிரைக்குப் பக்கத்துல வந்துச்சுன்னா திரும்பறப்ப ராம்நாட்ல எறங்கி உத்தரகோசமங்கை போங்க. மரகத நடராஜரை வருசத்துல அந்த ஒரு நாள்தான் சந்தனக் காப்பு இல்லாம பாக்க முடியும். கூட்டத்துக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: அண்ணா நாங்க நாலு பேரு, ரெண்டு பைக், மே மாசம் வர்றோம், பட்ஜெட் ரொம்ப கம்மி. தனுஷ்கோடில டென்ட் போடலாமா, எங்க நல்லா நீச்சல் அடிக்கலாம், பவளப்பாறை பாக்கலாமா?
கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: டென்ட் எல்லாம் கெடையாது தம்பி, இருட்டறதுக்கு முன்னாடி தனுஷ்கோடிலேருந்து கெளப்பிருவாங்க. மே மாசம்னா மேல சொன்னதுக்கு அப்படியே நேர் எதிர், தெக்குக் கடல் பக்கம் போகவே போகாத, அது அப்ப கோவத்துல இருக்கும். வடக்குக் கரைக்கு வா. தீவுக்குள்ள ஓலைக்குடா, சங்குமால் பக்கம், மெயின்லேண்ட்ல உச்சிப்புளி கிட்ட அரியமான், அது சவுக்குத் தோப்போட நல்ல கரை, பிரப்பன்வலசைலயும் கயாக் மாதிரி சமாச்சாரம் உண்டு. நீச்சல் தெரியும்னு சொல்றவன்தான் எங்க ஊர்ல முங்குவான், ஆத்துல கத்துக்கிட்ட நீச்சல் கடலுக்குப் பத்தாது, இடுப்புக்கு மேல போகாதீங்க.

பவளப்பாறை பாக்கறது வனத்துறை படகுல மட்டும். தனியா ஒரு ஆளு வந்து நான் கூட்டிட்டுப் போறேன் ஆயிரம் ரூபா குடுன்னா போகாத, மாட்டுனா அவன் நழுவிருவான். கரைல கெடக்கற பவளக் கல்லு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் பையில போட்டுக்காத, எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், கைல இருந்தாலே கேசு. எங்க ஊர் ஆளுங்களே கடல் அட்டைக்காக ஜெயிலுக்குப் போயிருக்காங்க. சங்கு மாலை வேணும்னா கடைல வாங்கிக்க, பேரம் பேசு, பாதிலேருந்து ஆரம்பி.

ரோட்டுப் பாலத்துல பைக்க நிறுத்தி போட்டோ எடுக்காத. எல்லாரும் எடுக்கறாங்களேன்னு கேப்ப, எடுக்கறாங்க, போலீஸ் ஃபைனும் போடறாங்க, அதை விட கச்சான் காத்துல பாலத்து மேல நிக்கற பைக்கே சாயும், ஓட்டறப்பயும் கைய இறுக்கிப் புடி. பட்ஜெட்டுக்கு, கோயிலைச் சுத்தி மடங்கள், சத்திரங்கள் இருக்கு, கேட்டுப் பாரு, இல்லன்னா ராம்நாட்ல ரூம் போட்டுட்டு காலைல 55 கிலோமீட்டர் ஓட்டி வந்துரு. மே மாசத்துல இந்த ஊரு உனக்குக் குடுக்கற ஒரே நல்லது நுங்கும் பதநீரும், பதநீரை வெயில் ஏறறதுக்குள்ள குடிச்சுரு, உச்சிப்புளி தாண்டுனா ரோட்டோரமே இருக்கும்.

கேள்வி: ராமேஸ்வரம் போனா நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்? வஞ்சிரம் அங்க விலை கம்மியாமே?
வாசகர், சென்னை

பதில்: கோயிலைச் சுத்தி தேடாதீங்க, அங்க சைவம்தான். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வாங்க, போர்டு இல்லாத மெஸ்ஸா பாத்து, லோடு எறக்குற ஆளுங்க உக்காந்து சாப்பிடற எடமாப் பாத்து நுழைங்க. வஞ்சிரம்னு கேட்டீங்கன்னா வெளியூர்னு தெரிஞ்சுரும், எங்களுக்கு அது சீலா. வெலை ஒண்ணும் கம்மி இல்ல சார், நல்ல சீலாவெல்லாம் ஐஸ் போட்டு உங்க ஊருக்குத்தான் வருது. நண்டு, கணவாய், ஊளி, முரல் சாப்பிடுங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான், கொஞ்சமா வரும், வெலை ஏறும், ஆனா அன்னன்னிக்கு புடிச்ச மீனு. எனக்கு அந்த ரெண்டு மாசம்தான் புடிக்கும். கொழம்புல போடற குண்டு மொளகாயும் ராம்நாட்டுதான், கால் கிலோ வாங்கிட்டுப் போங்க.

கேள்வி: எங்க அம்மா 1971ல குடும்பத்தோட இலங்கைலேருந்து கப்பல்ல வந்தவங்க. கண்டிப் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, அப்ப அவங்களுக்கு 14 வயசு. இப்ப ஒரு தடவ அந்த கப்பல் எறங்குன எடத்தைப் பாக்கணும்ங்கறாங்க. தனுஷ்கோடிலதான் எறங்கினோம்னு சொல்றாங்க. அங்க இப்ப கப்பல் நின்ன எடம் இருக்குமா, வயசானவங்கள எப்படி கூட்டிட்டுப் போறது?
வாசகி, கூடலூர்

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன்மா. அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க, அவங்க எறங்குனது தனுஷ்கோடியா இருக்காது. 1914லேருந்து மெட்ராஸ்ல ஏறுன ஆளு போட் மெயில்ல தனுஷ்கோடி வந்து, ரயில விட்டு எறங்கி கப்பல் ஏறி, அந்தப் பக்கம் தலைமன்னார்ல மறுபடி ரயில் ஏறி கொழும்பு போவாங்க, அந்த வழி 64 புயலோட முடிஞ்சு போச்சு. இலங்கைத் தோட்டத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பறதுக்குப் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30, புயல் வந்தது அதே வருசம் டிசம்பர், ரெண்டு மாசம் கூட முழுசா இல்ல. அதனால ஒப்பந்தத்துல வந்த சனம் தனுஷ்கோடியப் பாத்திருக்க வாய்ப்பில்ல, அவங்க தலைமன்னார்லேருந்து வந்து எறங்குனது ராமேஸ்வரம். ராமானுஜம்னு ஒரு கப்பல் ஓடுச்சு, அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, அம்மா மொகம் மாறுதான்னு பாருங்க. ஆனா அந்தக் காலத்து பெரியவங்க இந்தப் பக்கத்தை மொத்தமாவே தனுஷ்கோடின்னு சொல்றதை நானே கேட்டிருக்கேன், அவங்களுக்கு முன்னாடி போன தாத்தா பாட்டி சொன்ன பேரு அது, நாக்குல தங்கிருச்சு. 80கள்ல அங்க சண்டை ஆரம்பிச்சதும் ராமேஸ்வரம் கப்பலும் நின்னுருச்சு.

அவங்களுக்கு நெசமாவே ஞாபகம் இருக்கப் போற எடம் மண்டபம் கேம்ப். கப்பல்ல வந்தவங்கள அங்க வச்சுதான் பதிஞ்சு, குடும்ப அட்டை குடுத்து, நீ நீலகிரி நீ இன்ன ஊருன்னு பிரிச்சு அனுப்புனது. அதுக்கும் முன்னாடி வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்குப் போற ஆளுங்கள, அம்மை காலரா இருக்கான்னு பாக்க நாள் கணக்கா அடைச்சு வச்ச கேம்ப்பும் அதே எடம்தான். உங்க அம்மாவோட தாத்தா போனப்பயும் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருப்பாரு, பேத்தி திரும்பி வந்தப்பயும் அதே வாசல். இப்பவும் அங்க இலங்கைலேருந்து வந்த அகதிங்க குடும்பங்கள் இருக்கு, நெனச்சா உள்ள போயிற முடியாது, அனுமதி வேணும், வெளில ரோட்டுல நின்னு பாக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

தனுஷ்கோடிக்கும் கூட்டிட்டுப் போங்க, வேணாம்னு சொல்லல. காரு அரிச்சல்முனை வரைக்கும் போகும், எறங்கி ரொம்ப நடக்க வேணாம், காலைல 8 மணிக்குள்ள போயிருங்க. அங்கேருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமார், கண்ணுக்குத் தெரியாது, ராத்திரில வெளக்கு தெரியும்னு சொல்லி யாராவது கத விடுவாங்க, விடட்டும். மறுபடி ஒரு நடை அந்தக் கரைக்குப் போயிட்டு வரணும்னு அம்மா கேட்டா, நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்கு 2023லேருந்து பயணிகள் கப்பல் விட ஆரம்பிச்சிருக்காங்க, கடல் மோசமா இருக்கற மாசத்துல நிறுத்தி வைப்பாங்க, விசாரிச்சுக்கங்க.

வர்றது ட்ரெயின்ல வாங்க, மதுரைலேருந்து, பகல்ல. அம்மாவ ஜன்னல் சீட்ல உக்கார வைங்க. உச்சிப்புளி தாண்டுனதும் எழுப்பிருங்க, அடுத்து மண்டபம் கேம்ப்னு மஞ்சப் போர்டுல தமிழ்லயே எழுதியிருக்கும், வண்டி நிக்கலன்னாலும் வாசிக்கற அளவுக்கு மெதுவாத்தான் போகும்.